டயகமவின் கொழுந்தும் 53 துளைகளும்: இன்டெக்ஸ் தட்டின் வரலாறு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரபத்தனை வழியாக ஏறும் பாதை, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் டயகமவை அடைகிறது. இங்கே பறித்த தேயிலைக் கொழுந்து யாருக்காகவும் காத்திருக்காது. இரவெல்லாம் வாடிய இலை உரிய நேரத்தில் அதை உருட்டும் ரோலருக்குள் விழ வேண்டும். ரோலரின் கியர் உடைந்து வேலை நின்றால், வாட்டிய கொழுந்து அத்தனையும் கெடும். புதிய கியர் வெட்ட மில்லிங் மெசின் வேண்டும். வட்டத்தைச் சமமாகப் பிரிக்க டிவைடிங் ஹெட் வேண்டும். அதற்குத் துளையிட்ட இன்டெக்ஸ் தட்டு வேண்டும். கையில் இல்லாத தட்டைப் பட்டறையிலேயே துல்லியமாகச் செய்துகொள்ளலாம் என்பதையும், அந்த அறிவு திரண்டு வந்த வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வட்டத்தைப் பிரித்த முன்னோடிகள்

லண்டன் கருவி வல்லுநர் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் அமைத்த பிரிப்பு இயந்திரத்தின் விவரம் 1777இல் நூலாக வந்தது. அதன் சக்கரத்துக்கு 2160 பற்கள். அதைச் சுழற்றும் திருகு ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும், சக்கரம் ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்குதான் நகரும். கையின் பெரிய அசைவு சிறிதாகும்போது கையின் பிழையும் சிறிதாகிறது.

1808இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் கோணம் அளக்கும் தம் பெரிய தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றியபோது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி அதன் அளவு வட்டம் நெளிந்தது. செய்தவர்கள் இருந்ததோ லண்டனில். ஆறு வாரம் உழைத்து, ஆப்பும் திருகும் கப்பியும் கொண்டு லாம்டன் அதைத் தாமே சீராக்கினார். தூரத்து உற்பத்தியாளரை நம்பாத பழுதுபார்ப்புக்குத் தமிழ் மண்ணில் கிடைக்கும் சிறந்த முற்சான்று இது.

மலைநாட்டுக்கு வந்த இயந்திரங்கள்

1862இல் அமெரிக்காவின் பிரவுன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தில் ஜோசப் ஆர். பிரவுன் யுனிவர்சல் மில்லிங் மெசினை உருவாக்கினார். அந்நிறுவனத்தின் டிவைடிங் ஹெட்டில் கைப்பிடி 40 சுற்றுச் சுற்றினால் தண்டு ஒரு சுற்று. அதற்குரிய மூன்று தட்டுகளில் 15 முதல் 49 வரை 18 துளை வட்டங்கள்.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டபோது இலையைக் கையால்தான் உருட்டினார்கள். வில்லியம் ஜாக்சனின் உருட்டு இயந்திரம் 1872இல் அசாமில் ஓடத் தொடங்கியது. பின்னர் மலைநாடும் இயந்திரமயமானது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி இறுகியது, 1977இல்தான் தளர்ந்தது. இடையில் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. கப்பலை நம்ப முடியாத அந்த ஆண்டுகளில் உள்ளூர்ப் பட்டறையின் அருமை பெரிது.

தட்டு பிறக்கும் விதம்

53 பற்கள் கொண்ட கியரை எடுத்துக்கொள்வோம். 53 பகா எண். பிரவுன் அண்ட் ஷார்ப்பின் மூன்று தட்டுகளிலும் அதற்கான வட்டம் இல்லை. ஒரு காகித நாடாவில் 10 மி.மீ. இடைவெளியில் 53 பங்கு குறித்து, 530 மி.மீ. நீளத்தில் வெட்டுகிறோம். மரத்தட்டை லேத்தில் கடைந்து, நாடாவின் இரு நுனிகளும் சரியாகத் தொடும்வரை குறைக்கிறோம். விட்டம் சுமார் 168.7 மி.மீ. வரும். குறிகளுக்கு நேரே துளையிட்டால் முதல் தட்டு தயார்.

இதைக் கைப்பிடியின் பின்னே பொருத்தி, தண்டில் இரும்புத் தட்டை மாட்டுகிறோம். ஒவ்வொரு துளைக்கும் 40 இடைவெளி நகர்த்தி, முதலில் சென்டர் டிரில்லால் குழி இடுகிறோம். கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். பின்னுக்குத் திருப்பினால் பற்களின் தளர்வு பிழையாகப் பதியும். மரத்தட்டில் அரை மி.மீ. பிழை இருந்தாலும், அதே ஆரத்தில் இரும்புத் தட்டில் அது 40இல் ஒரு பங்காகி 0.0125 மி.மீ. ஆகிவிடும். இந்தப் பிரதி தன் மூலத்தைவிடத் திருத்தமானது. அதற்கு மேல் எல்லை வகுப்பது, டிவைடிங் ஹெட்டினுள் தண்டைச் சுழற்றும் வார்ம் சக்கரத்தின் சொந்தப் பிழைதான்.

முடிவுரை

ராம்ஸ்டனின் திருகிலும் பட்டறையின் டிவைடிங் ஹெட்டிலும் இயங்குவது ஒரே நெறி. அதனால்தான் நகரத்துக்குத் தொலைவிலுள்ள டயகம போன்ற ஊரிலும், மரத்தட்டும் காகித நாடாவும் கொண்டு நம்பத்தக்க தட்டைச் செய்ய முடிகிறது. மலையக வரலாற்றைக் கொழுந்துக் கூடையோடு நிறுத்திவிடுகிறோம். தேயிலை ஸ்டோருக்குள் ரோலரை ஓடவைத்த கைகளின் கணக்கும் அதே வரலாறுதான். முதிய மெக்கானிக்குகள் இருக்கும்போதே அவர்களின் செய்முறைகளைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். தொழிற்பயிற்சிக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் தம் கையால் ஒரு தட்டாவது செய்து பார்க்க வேண்டும். 53ஆம் நகர்வில் கைப்பிடியின் ஊசி தொடங்கிய துளையிலேயே போய் விழுவதை அவர்கள் கண்ணால் காணட்டும்.