செங்குத்து ஜிக் தூண்டில்: தைப்பிங்கும் பேராக் நீர்நிலைகளும்

செங்குத்து ஜிக், உயிர் இரை கோக்காமல் படகிலிருந்து ஆழத்துக்கு இறக்கும் தூண்டில். காரீயத்தையோ வேறு கனமான உலோகத்தையோ மீன் வடிவில் வார்த்து, முள் பொருத்தி, படகுக்கு நேர் கீழே விடுவார்கள். கோலைச் சுண்டியதும் ஜிக் துள்ளி எழும். தளர்த்தினால் புரண்டு புரண்டு விழும். மீன் பெரும்பாலும் விழும்போதுதான் கவ்வும். அதனால் இதில் தேறியவர்கள் இழுக்கும் வேகத்தைவிட விழவிடும் விதத்தைப் பற்றியே அதிகம் பேசுவார்கள்.

இது முதலில் மீனவர்களின் தொழில்முறை. பொழுதுபோக்கு ஆனது பின்னால்தான். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு இரண்டு முள் பதித்த காரீய மீனைக் கைக்கயிற்றில் கட்டி ஏற்றி இறக்கினார்கள். மலேசியக் கிழக்குக் கரையில், குறிப்பாகத் திரெங்கானுவில், விளக்கொளியில் கணவாய் பிடிக்கும் ‘சண்டாட்’ முறையும் இதே குடும்பம்தான். ஏரிகளில் இதற்குப் பேர் வாங்கித் தந்தது வட அமெரிக்காவின் ஏரி டிரவுட். சுமார் 10 பாகை செல்சியஸ் குளிர்ச்சியை விரும்பும் அந்த மீன், கோடையில் மேல்நீர் சூடேறியதும் 15, 30 மீட்டர் ஆழத்துக்கும் அதற்குக் கீழும் இறங்கிவிடும். அதன் காற்றுப்பை குடலோடு இணைந்திருப்பதால் காற்றை வாய்வழியே வெளியேற்ற முடியும். ஆகவே ஜிக்கைத் துரத்திக்கொண்டு பல மீட்டர் மேலேறவும் அதற்குத் தயக்கமில்லை. தமிழர்கள் கேள்விப்பட்டிருக்கும் நீலகிரி டிரவுட் வேறு வகை. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் அமைத்து வளர்க்கப்பட்ட அதற்கு, ஓடையில் வீசும் இறகுத் தூண்டிலே பழக்கம்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் டிரவுட் இல்லை. ஆழமான இயற்கை ஏரியும் இல்லை. இங்கே ஆழநீர் என்பது மனிதன் தோண்டியது அல்லது தேக்கியது. ஜிக் தூண்டிலின் உள்ளூர் வரலாற்றைச் சுரங்கத்திலிருந்து தொடங்க வேண்டியிருப்பது அதனால்தான்.

1840களில் மலாய்த் தலைவர் லோங் ஜாஃபார் காலத்தில், தைப்பிங் வட்டாரமான லாருட்டில் வெள்ளீயம் தோண்டத் தொடங்கினார்கள். சுரங்கங்களுக்காக மோதிய கீ ஹின், ஹாய் சான் என்ற சீனக் கூட்டங்களின் சண்டை 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தத்தோடு அடங்கியது. சண்டை நடந்த சுரங்க நகரம் தைப்பிங் என்ற பெயரோடு எழுந்தது. வெள்ளீயத்தைக் கரைக்குக் கொண்டுபோக, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குச் சுமார் 13 கிலோமீட்டர் ரயில் பாதை 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. அதைப் போட்டவர்களில் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினரும் உண்டு. கைவிட்ட குழிகளில் நீர் நிறைந்தது. அவற்றில் சில 1880இலிருந்து ஏரிப் பூங்காவாக மாறின. மண்வெட்டியும் கூடையும் கொண்டு தோண்டிய காலத்துக் குழிகள் என்பதால் அவை அழகானவை, ஆனால் ஆழமில்லாதவை.

பிற்காலத்தில் நீர்பீய்ச்சியும் பம்பு வைத்தும் தோண்டிய ஈயக்குட்டைகள் வேறு ரகம். கரை ஓரத்திலேயே சட்டென்று ஆழமாகும், மணல் சரியும், உயிர்ப்பலியும் வாங்கியிருக்கின்றன. 1985 அக்டோபரில் அனைத்துலக வெள்ளீய மன்றத்தின் விலைத் தாங்கல் முறிந்து, ஏற்கெனவே நலிந்திருந்த சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டபோது, குட்டைகள் மீன்வளர்ப்போர் கைக்கும் தூண்டில்காரர் கைக்கும் வந்தன. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மண்புழுவும் மூங்கில் கோலும் தங்கூசி நரம்பும் போதும்; திலாப்பியா, விரால், கெளுத்தி கிடைத்துவிடும். அங்கே ஜிக்குக்கு வேலை குறைவு. குட்டைகளின் பெரிய வேட்டைமீனான தோமான், மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டிய மீன். அதைத் தேடி ஆழத்தில் ஈயம் இறக்குவதைவிட, அது தலைகாட்டும் இடத்தில் போலி இரையை வீசுவதே புத்திசாலித்தனம்.

ஜிக்குக்கு இடம் கொடுத்தவை அணைகள். தைப்பிங்குக்கு அருகில், கிரியான் நெல்வயல்களுக்காக 1906இல் அமைந்த புக்கிட் மேரா பரந்த ஏரி, ஆனால் ஆழமில்லை. பேராக் ஆற்றில் 1930இல் செண்டெரோ அணை வந்தது. அதே ஆற்றின் மேற்பகுதியில், 1970களின் பிற்பாதியில் 127 மீட்டர் உயரத் தெமெங்கோர் அணை எழுந்தது. காட்டைப் பெருமளவு வெட்டாமலே நீர் தேங்கியதால் மரங்கள் நின்றபடியே மூழ்கின. கோலா கங்சார், லெங்கோங், கிரிக் வழியாகத் தைப்பிங்காரர்கள் போய்ச் சேரும் ஏரி அது. அங்கே தேடப்படுவது செபாராவ். மூழ்கிய மரங்களுக்கிடையே பதுங்கிக் குறுமீன்களைத் தாக்கும். தோமானைப்போல மேலே வந்து மூச்சு வாங்க வேண்டியதில்லை.

டிரவுட் ஏரியில் கற்ற பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாற்றம்தான். குளிர்நாட்டு ஏரிகளில் பருவந்தோறும் மேல்நீரும் அடிநீரும் கலப்பதால் ஆழத்திலும் மீன் மூச்சுவிட முடியும். வெப்பமண்டல அணைகளில் அந்தக் கலப்பு போதாது. மூழ்கிய மரமும் இலையும் மக்கி அடிநீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். எனவே 50 மீட்டர் ஆழம் இருந்தாலும் மீன் இருப்பது மேல் அடுக்கில்தான். தரைவரை ஜிக்கை இறக்குவது வீண்வேலை. மரக்கிளைகள் எந்த ஆழத்தில் நிற்கின்றன என்று பார்த்து அந்த மட்டத்திலேயே ஆட்ட வேண்டும்.

அதைப் பார்க்கக் கருவி வேண்டும். ஜப்பானின் ஃபுருனோ நிறுவனம் 1948இல் மீன்காட்டிக் கருவியை வணிகத்துக்குக் கொண்டுவந்தது; சிறு படகுகளுக்கு ஏற்ற மலிவான வகைகள் வரப் பல்லாண்டு ஆயிற்று. 1990களில் பின்னல் இழை நரம்பு பரவியது. தங்கூசி ஆழத்தில் ரப்பர்போல நீண்டு சுண்டலை விழுங்கிவிடும். பின்னல் இழை நீளாது, மெல்லியது, நீரோட்டத்தில் அவ்வளவாக வளையாது. பின்னர் ஜப்பானிலிருந்து மெதுவாக ஆட்டும் முறையும் அதற்கான வளைந்து கொடுக்கும் கோல்களும் வந்தன. லூமுட்டிலிருந்து செம்பிலான் தீவுகள், ஜாராக் தீவுப் பக்கம் போகும் படகுகளில் கலவாவுக்கும் பாரைக்கும் இவையே இன்று கைவழக்கம். மீன் கடிக்காத நாளில் பல முள் கோத்த ‘அப்போலோ’வைப் பலரும் கூச்சமில்லாமல் எடுத்துவிடுவார்கள்.

தெமெங்கோரில் ஜிக்கின் அடியில் இருக்கும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு, தலைப்பக்கம் கயிற்றில் கட்டிய ஒற்றை முள்ளோடு இறக்குவது நல்லது. கீழ்முள்தான் முதலில் கிளையில் மாட்டும். அப்படிச் செய்தும் ஒரு நாளில் இரண்டு மூன்று ஜிக்கை மரத்துக்குக் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு.