இசை ஆசிரியர் பணி (தமிழ்நாடு)

தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி, இசைப்பள்ளி ஆகியவற்றிலோ தனிப்பட்ட முறையிலோ குரலிசையையும் இசைக்கருவிகளையும் கற்பிப்பவர் இசை ஆசிரியர் எனப்படுகிறார். பள்ளிக் கல்வித்துறையில் இவர் ஓவியம், தையல், உடற்கல்வி ஆசிரியர்களைப் போன்று சிறப்பாசிரியர் என்னும் வகையில் அடங்குவார்.

வரலாறு

இசைக்கல்வி நெடுங்காலம் குருகுல முறையிலேயே நடைபெற்றது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது கல்வி நிறுவனங்களுக்குள் வந்தது. 1929இல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். 1931இல் சென்னை சங்கீத வித்வத் சபை, இசை ஆசிரியர்களை உருவாக்கும் நோக்கில் ஒரு கல்லூரியை நிறுவியது. டைகர் வரதாச்சாரியார் அதன் முதல்வராக இருந்தார். 1949இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக் கல்லூரி, முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பட்டது. இதுவே பின்னர் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி ஆனது.

கல்வித் தகுதி

* பள்ளி: அரசு தொழில்நுட்பத் தேர்வில் இசைப் பிரிவின் மேல்நிலைத் தேர்ச்சி அல்லது இசைப் பட்டயம், பட்டம், இத்துடன் தொழிலாசிரியர் சான்றிதழ்.
* கேந்திரிய வித்தியாலயம்: மேல்நிலைக் கல்வி, இசையில் இளநிலைப் பட்டம்.
* கல்லூரி: இசையில் முதுகலைப் பட்டம், இத்துடன் தேசியத் தகுதித் தேர்வு (நெட்), மாநிலத் தகுதித் தேர்வு ஆகியவற்றுள் ஒன்றில் தேர்ச்சி அல்லது முனைவர் பட்டம்.

மேடைக் கச்சேரி அனுபவம் மட்டும் இருப்பவர், அவர் எவ்வளவு தேர்ந்த கலைஞராயினும், இச்சான்றிதழ்கள் இன்றி அரசுப் பள்ளிப் பணிக்கு விண்ணப்பிக்க இயலாது.

பணி வாய்ப்புகள்

அரசுப் பள்ளிச் சிறப்பாசிரியர்கள் முன்னர் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பின்படி தேர்ந்தெடுக்கப்பட்டனர். பின்னர் இது போட்டித் தேர்வு முறைக்கு மாற்றப்பட்டது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் நடத்திய தேர்வில் இருந்த 1,325 சிறப்பாசிரியர் இடங்களுள் இசைக்கு உரியவை 86 மட்டுமே. உடற்கல்விக்கு 663 இடங்கள் இருந்தன.

கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் மற்றொரு வாய்ப்பாகும். இவற்றில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழு பிரிவுகள் கற்பிக்கப்படுகின்றன. சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. இந்நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவாதலால் பணியிடங்களும் குறைவு.

பகுதிநேரப் பயிற்றுநர்கள்

இசை, பொதுத்தேர்வுக்குரிய கட்டாயப் பாடம் அன்று. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 100 மாணவர்களுக்கு மேற்பட்ட உயர் தொடக்க வகுப்புகளுக்குக் கலைக்கல்விப் பயிற்றுநரைப் பகுதிநேரமாகவே வரையறுக்கிறது. இதன்படி தமிழ்நாட்டில் 2012இல் இசை, ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி முதலியவற்றுக்காக 16,549 பயிற்றுநர்கள் நியமிக்கப்பட்டனர். தொடக்கத்தில் இவர்களுக்கு வாரத்தில் மூன்று அரைநாட்கள் வேலை இருந்தது. அப்போது மாத ஊதியம் 5,000 ரூபாயாக இருந்தது. மே மாதத்திற்கு ஊதியம் வழங்கப்படவில்லை. ஊதியம் 2021இல் 10,000 ரூபாயாகவும் 2024இல் 12,500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பணி நிரந்தரம் கோரி இவர்கள் பலமுறை போராட்டம் நடத்தியுள்ளனர்.

தனிப்பயிற்சி

மேற்கண்ட காரணங்களால் இசை பயின்றோர் பலர் தனியார் பள்ளிப் பணி, வீட்டு வகுப்பு, இணையவழி வகுப்பு ஆகியவற்றை இணைத்தே வருவாய் ஈட்டுகின்றனர். புலம்பெயர் தமிழரின் பிள்ளைகள் இணையவழி வகுப்புகளில் பெருமளவில் பயில்கின்றனர். இவ்வகைப் பணியில் சான்றிதழைவிட ஆசிரியரின் குருமரபும் மாணவரின் அரங்கேற்றமும் அறிமுகமாக அமைகின்றன. எனினும் ஓய்வூதியமோ விடுப்பு ஊதியமோ இதில் இல்லை.

இவற்றையும் பார்க்க

* கருநாடக இசை
* குருகுலம்
* தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி, சென்னை