சீர்திருத்த வரலாற்றில் மறக்கப்பட்ட ஒரு குரல்

1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் கூடிய பேரரசு மன்றத்தை நாம் நன்கு அறிவோம். லுத்தரன் விசுவாச அறிக்கை பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் அங்கேயே வாசிக்கப்பட்டது. அதே ஆண்டில், அதே நகரில், யோசெல் என்னும் யூதரும் தம் மக்களுக்காக வாதாடி நின்றார். அல்சாஸ் பகுதியிலுள்ள ரோஸ்ஹைம் அவருடைய ஊர். யூதராயிருந்து கிறிஸ்தவரான மார்கரித்தா என்பவர் யூதர்மேல் சுமத்திய குற்றச்சாட்டுகளை அவர் மறுத்து வென்றார். நம் திருச்சபை வரலாற்று நூல்களுள் பல அறிக்கையை விரிவாகக் கூறுகின்றன. யோசெலைக் குறித்து மௌனம் சாதிக்கின்றன.

1536இல் சாக்சனி நாட்டினின்று யூதர் வெளியேற்றப்பட்டனர். மறு ஆண்டு, ஸ்ட்ராஸ்பர்க் சீர்திருத்தவாதியாகிய கப்பித்தோவின் பரிந்துரைக் கடிதத்தோடு, யோசெல் லுத்தரின் உதவியை நாடினார். லுத்தர் மறுத்துவிட்டார். 1543இல் லுத்தர் யூதருக்கு எதிராகக் கடுமையான நூலொன்றை வெளியிட்டபோது, யோசெல் ஸ்ட்ராஸ்பர்க் நகரவையிடம் முறையிட்டார். நகரவை அந்நூலைத் தன் நகரில் அச்சிடலாகாதெனத் தடுத்தது.

இவற்றை நாம் எவ்வாறு அறிகிறோம்? லுத்தரின் மறுப்புக் கடிதம் பேணப்பட்டுள்ளது. எனினும் அது ஒரு பக்கத்தையே காட்டும். யோசெலோ தம் நினைவுக்குறிப்புகளை எபிரேய மொழியில் எழுதிவைத்தார். இலத்தீனும் ஜெர்மனும் மட்டும் கற்ற திருச்சபை வரலாற்றாசிரியருக்கு அவை எட்டாதிருந்தன. அக்கையெழுத்துப்படி ஆக்ஸ்போர்டு நூலகத்தில் உள்ளது. நாத்சி ஜெர்மனியைவிட்டு 1941இல் அமெரிக்கா சென்ற செல்மா ஸ்டெர்ன் அம்மையார், அக்குறிப்புகளையும் ஆவணங்களையும் ஆராய்ந்து, 1959இல் யோசெலின் வரலாற்றை வெளியிட்டார்.

யோசெலின் கூற்றும் ஒரு பக்கத்தாரின் கூற்றே என்பதை நாம் மறத்தலாகாது. அதனையும் பிற சான்றுகளோடு வைத்துச் சோதிப்பதே வரலாற்றாசிரியரின் கடமை. ஆயினும் அவ்வாறு சோதிக்கையில் நம் பார்வை மாறுகிறது. இதுவரை யூதர் நம் நூல்களில் பிறர் விவாதிக்கும் பொருளாக, அல்லது துன்புறும் கூட்டமாக மட்டுமே தோன்றினர். இப்பொழுதோ வாதாடுபவராக, மனுச்செய்பவராக, சட்டமறிந்து செயலாற்றுபவராக நம்முன் நிற்கின்றனர்.

இதனால் லுத்தரின் அருந்தொண்டு அழிந்துபோவதில்லை. ஆனால் அவர் திறவாத கதவருகே காத்துநின்றவரையும் சேர்த்து எழுதாத வரலாறு உண்மை வரலாறு ஆகாது. இறையியல் மாணவராகிய நாம் எபிரேயத்தைப் பழைய ஏற்பாட்டிற்காக மட்டும் கற்கிறோம். அம்மொழி அதன்பின்னும் மௌனமாயிருக்கவில்லை என்பதை யோசெல் நமக்கு உணர்த்துகிறார்.