கிராங்கின் முறைப்பாடு

இயந்திரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கண்டுபிடித்தோரின் பெயர்களோடு நின்றுவிடுகின்றனர். அவற்றை ஓட்டி உழைத்தவரும் திருத்தி வாழவைத்தவரும் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. துவிச்சக்கர வண்டியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. பெடலைத் தாங்கும் கிராங்கு எழுப்பும் 'கிறீச்' என்ற ஓசையைப் பின்தொடர்ந்து சென்றால், விடுபட்ட அப்பக்கங்களிற் சிலவற்றை நாம் வாசித்துக்கொள்ளலாம்.

1817இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் திரைஸ் என்பார் ஓட்டிய முதல் வண்டிக்குக் கிராங்கு இல்லை; காலால் நிலத்தை உந்தியே அதனைச் செலுத்தினர். 1860களில் பாரிஸ் நகரத்துப் பட்டறைகளில் முன்சில்லின் அச்சிலே கிராங்கு பொருத்தப்பட்டது. 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஸ்டார்லி 'றோவர்' வண்டியை வெளியிட்டார். செயின் பின்சில்லை இழுக்க, கிராங்கு வண்டியின் நடுவுக்கு வந்தது. கிராங்கின் இணைப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே அச்சின் இரு முனைகளிலும் இரு கிராங்குகள்; ஒவ்வொரு மிதிப்பிலும் மனிதனின் பாரம் மாறிமாறி அவற்றின்மேல் விழுகிறது. இணைப்பு அசையவும் கூடாது. திருத்தும்போது கழன்று வரவும் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கும் இடையிலுள்ள முரண்பாடே ஓசையாக வெளிப்படுகிறது.

இம்முரண்பாட்டிற்கு நெடுங்காலம் விடையாக இருந்தது கொட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்ட சிறு இரும்பு ஆப்பு அது. நம் வீதிகளில் ஓடிய றலி முதலிய வண்டிகள் யாவும் அதனையே நம்பியிருந்தன. அது தேய்ந்தால் இரும்பு இரும்போடு உராயும், கிராங்கு முறையிடும்.

அம்முறைப்பாட்டைக் கேட்டறிவது ஒரு கலை. மிதிக்காது உருளவிட்டபோதும் ஓசை தொடருமாயின் குற்றம் கிராங்கில் இல்லை. எழுந்து நின்று மிதிக்கையில் மறையுமாயின் அது இருக்கையின் ஓசை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்திற் கேட்குமாயின் பெடலை மாற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னும் நீடித்தால் கிராங்குகளைப் பிடித்து அசைத்தால் உண்மை தெரியும்: இரண்டும் சேர்ந்து ஆடினால் நடு அச்சின் கிண்ணம் தளர்ந்துள்ளது, ஒன்று மட்டும் ஆடினால் பின் தளர்ந்துள்ளது.

பின்னைக் கழற்றித் துடைத்து, தட்டைப் பக்கத்தை அரத்தால் ஒருசீராக அராவ வேண்டும். உள்ளிருக்கும் உருக்குக் குண்டுகள் அடிபடாதவாறு கிராங்கின் கீழே இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்துச் சுத்தியலால் இறக்க வேண்டும். நட்டை முறுக்கிப் பின்னை இழுக்க முயல்பவன் புரியையே அழிப்பான். இரண்டு பின்களையும் எதிரெதிர்த் திசையிற் செருகாவிடின் கிராங்குகள் நேர்கோட்டில் நில்லா. சில நாள் ஓடியபின் மீண்டும் முறுக்குதலும் அவசியம்.

1933இல் பிரான்சின் ஸ்ட்ரோங்லைற் நிறுவனம் கொட்டர் பின் இல்லாத அலுமினியக் கிராங்கை அறிமுகப்படுத்தியது. அச்சின் சதுர முனையில் அது இறுகிக் கொள்ளும். பந்தய வீரர்க்கு அது பெரும் பேறு. பின்னர் வந்த மூடிய அச்சுப் பெட்டிகளும் மழையையும் மண்ணையும் தாங்கி நெடுநாள் உழைப்பன. இம்முன்னேற்றத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், தளர்ந்த நிலையில் ஓட்டிச் சதுரத் துளை சிதைந்தால் அரம் அதற்கு உதவாது. புதிய கிராங்கையே வாங்க வேண்டும். பெட்டி பழுதானால் முழுவதையும் வீச வேண்டும். தொழிலாளியின் கையிலிருந்த பரிகாரம் சந்தையின் கைக்கு மாறிவிட்டது.

இம்மாற்றத்தின் பொருளை யாழ்ப்பாணம் நன்கறியும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அற்றுப்போன குடாநாட்டில், விறகும் மரக்கறியும் நோயாளரும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். உதிரிப்பாகங்கள் எளிதிற் கிட்டாத அந்நாட்களில், அரமும் சுத்தியலும் கூர்ந்த செவியும் கொண்ட திருத்துநரே ஒரு சமூகத்தின் போக்குவரத்தைத் தாங்கி நின்றார். எந்த நூலும் அவரைக் குறிப்பிடாமற் போகலாம். ஆனால், பழுதைக் கேட்டறிந்து தன் கையாலேயே தீர்க்கும் அறிவை மக்களிடமிருந்து பறிக்காத இயந்திரமே மக்களின் இயந்திரம் என்பதை அவரது பட்டறை நமக்கு உணர்த்துகின்றது.