வயல்வழியும் துவிச்சக்கரவண்டியும்

மோட்டார் இரைச்சல் இல்லாத பாதைகளில் காட்டையும் கழனியையும் கண்டுகளித்தவாறு துவிச்சக்கரவண்டியில் நெடும்பயணம் செல்வது இன்று உலகெங்கும் விரும்பப்படும் பொழுதுபோக்காகும். அறுகம்குடாவுக்கு வரும் வெளிநாட்டார் சிலர் பொத்துவில் வயல்களினூடே இவ்வாறு வண்டியோட்டிச் செல்வதை நாம் காண்கிறோம். அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அந்தப் பாதைகளை அமைத்தவர் யார், எதற்காக அமைத்தனர், இடைக்காலத்தில் அவை ஏன் வெறிச்சோடிக் கிடந்தன என்று கேட்பவர் வெகு சிலரே. மன்னர்களுக்கும் கோட்டைகளுக்கும் சரித்திரம் எழுதிய நாம், பாதைகளுக்கு எழுத மறந்துவிட்டோம்.

நம் கரையோரத்தின் அமைப்பை முதலில் எண்ணிப் பார்ப்போம். கிழக்கே கடல், மேற்கே பரந்த வயல்வெளி, இரண்டுக்கும் இடையே ஒடுங்கிய மணற்பரப்பு. அம்மணற்பரப்பிலேதான் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கின்றன. இவற்றைக் கோத்துச் செல்லும் பெருந்தெரு ஒன்றே. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்பை அடையும் நெடுஞ்சாலையே அது. 1928இல் மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதை தெற்கே ஓரடியும் நகரவில்லை. ஆகவே பேருந்தும், பாரவண்டியும், முச்சக்கரவண்டியும், பள்ளிப் பிள்ளையின் சைக்கிளும் அந்த ஒரே தெருவில் நெருக்குண்டு செல்கின்றன. அத்தெருவிலிருந்து மேற்கு நோக்கிப் பிரிபவையே வயல்வழிகள். அங்கேதான் நம் மக்களின் உழைப்புச் சரித்திரம் புதைந்து கிடக்கிறது.

போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுள் சுமார் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியேற்றினான். ஏற்கெனவே இங்கு வாழ்ந்தவர்களோடு கலந்து அவர்கள் உழவும் வாணிகமும் செய்தனர். கரையோரத்து உப்பும் கருவாடும் பொதிமாடுகளின் முதுகிலேறிக் காட்டுவழியே மலைநாட்டுக்குச் சென்றன. அங்கிருந்து பாக்கு முதலான பொருள்கள் திரும்பி வந்தன. தவளம் எனப்பட்ட இவ்வாணிகத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. திருக்கோவில், பொத்துவில், ஒகந்தை, குமணை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்த அடியார்களும் மற்றொரு காட்டுவழியைத் தேய்த்து வைத்தனர். மாட்டின் குளம்பும் மனிதனின் பாதமுமே இவ்வழிகளின் முதல் பொறியியலாளர்கள்.

வெள்ளையர் ஆட்சி பாதைகளை வேறு கண்கொண்டு பார்த்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும், தரிசையும், சேனை நிலத்தையும் அரசின் உடைமையாகக் கொண்டது. தலைமுறை தலைமுறையாக மக்கள் நடந்த வழி இவ்வாறு ஒரே எழுத்தில் பிறர் நிலமாயிற்று. 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டமோ, வயது வந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் கட்டவேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் எழுந்த கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணம். கோப்பித் தோட்டத்தையும் துறைமுகத்தையும் இணைக்கும் தெருக்களே ஆள்வோரின் முதற்கவலையாக இருந்தன.

ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1850களில், இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன என்பது உண்மையே. நீர் வந்தது, விளைநிலம் விரிந்தது. ஆனால் வயலுக்குச் செல்லும் வழியை ஆக்கியவர் யார்? போடியாரின் நிலத்தில் உழைத்த முல்லைக்காரரும் கூலியாட்களும்தான். வரம்பை அகலமாக்கியும், பள்ளத்தில் மண் கொட்டியும், அறுவடைக் காலத்தில் மாட்டுவண்டியோட்டித் தடம் பதித்தும் அவர்கள் அதனை ஆக்கினர். அவ்வழிக்கு எந்தத் துரையின் பெயரும் இல்லை.

இத்தடத்தின்மீதே பின்னாளில் துவிச்சக்கரவண்டி ஏறியது. 1885இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி இரு சில்லுகளும் ஒத்த அளவான வண்டியை வெளியிட்டார். 1888இல் டன்லப் காற்றடைத்த றப்பர் வளையத்தைப் பூட்டினார். அமேசன் காட்டு றப்பர் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் 1876இலேயே நம் தீவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் உலகத்தின் சில்லுகளுக்கெல்லாம் வேண்டிய றப்பர், இங்கும் மலாயாவிலும் தோட்டத் தொழிலாளரின் வியர்வையோடு வடிந்தது. சைக்கிளின் சரித்திரத்தில் நமக்குப் பங்கில்லை என்று எவரும் சொல்லலாகாது.

மேனாட்டுத் தொழிலாளர் இவ்வண்டியின் பொருளை விரைவில் உணர்ந்தனர். 1894இல் பர்மிங்காமில் சோஷலிஸ்டுகள் கிளேரியன் சைக்கிள் சங்கத்தை அமைத்தனர். ஆலைப்புகை சூழ்ந்த நகரங்களை விட்டு விடுமுறை நாளில் கிராமப்புறம் சென்றனர். செல்லுமிடமெல்லாம் தம் பத்திரிகையையும் கொள்கையையும் பரப்பினர். 1896இல் ஜெர்மனியில் ‘ஒருமைப்பாடு’ என்ற பெயர் தாங்கிய தொழிலாளர் சைக்கிள் சங்கம் தோன்றி, பெரும் இயக்கமாக வளர்ந்தது. 1933இல் ஆட்சியைப் பிடித்த நாஜிகள் அதனைத் தடைசெய்தனர். உழைப்பவன் தன் விருப்பப்படி ஊர்விட்டு ஊர் சென்று மற்ற உழைப்பாளிகளைச் சந்திப்பதைக் கொடுங்கோலர் எக்காலத்திலும் பொறுத்ததில்லை.

நம் கரையில் துவிச்சக்கரவண்டி உலாப்போகும் வண்டியாக இருக்கவில்லை. சட்டத்தில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் வட்டைக்குச் செல்லும் உழவன், பின்னால் மீன்பெட்டி ஏற்றிய வியாபாரி, மருதமுனைத் துணிப்பொதியைச் சுமந்து ஊரூராகச் செல்லும் விற்பனையாளன், பாடசாலை செல்லும் ஆசிரியர் என எல்லோருக்கும் அது தொழிற்கருவியாயிற்று.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரத்தை உண்டாக்கியது. வாய்க்கால்கள் நீண்டன; வாய்க்கால் கரைகள்தோறும் புதிய வழிகள் பிறந்தன. சமதரையில் நீரோடு சேர்ந்து செல்லும் அக்கரைகளைவிடச் சைக்கிளுக்கு உகந்த பாதை வேறில்லை. ஆனால் அதே திட்டத்தின் குடியேற்றம் காணிப் பங்கீட்டில் தமிழ் பேசும் மக்களுக்குத் தீராத மனக்குறையையும் உண்டாக்கிற்று. 1956இல் கல்லோயாவில் இனக்கலவரம் மூண்டு உயிர்களைக் குடித்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது.

பின்னர் வந்த போர்க்காலமோ வழிகளையே மூடிவிட்டது. 1986 பெப்ரவரியில் உடும்பன்குளத்தில் சூடடித்துக்கொண்டிருந்த தமிழ் உழவர்கள் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டில் அம்பாறை வயல்களில் முஸ்லிம் உழவர்கள் கொல்லப்பட்டனர். 2006 செப்டம்பரில் பொத்துவிலுக்கு அருகே இராத்தல்குளத்தில் வேலைக்குச் சென்ற முஸ்லிம் தொழிலாளர்கள் வெட்டிக் கொல்லப்பட்டனர். ஆயுதம் ஏந்தியவர் வேறுவேறு. மாண்டவர்கள் எப்போதும் மண்ணை நம்பியவர்களே. தமிழனும் முஸ்லிமும் ஒரே வாய்க்கால் கரையில் எதிரெதிராக வந்து, வண்டியை நிறுத்தி, நீர் முறை பற்றிப் பேசிய வழக்கம் அறுந்தது. விளைநிலம் தரிசானது பொருள் நட்டம். இந்த வழக்கம் அறுந்தது அதனினும் பெரிய நட்டம்.

இன்று துப்பாக்கி ஓய்ந்துள்ளது. ஆயினும் வயல்வழிக்கு வேறு ஆபத்துகள் வந்துள்ளன. மணலும் கல்லும் ஏற்றிய பாரவண்டி புகுந்தால் வாய்க்கால் கரை ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. வெள்ளமோ நம் வழிகளின் நிரந்தரப் பகை. கல்முனையையும் நாவிதன்வெளிப் பக்கத்தையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி மாரிதோறும் நீரில் மூழ்குவதை அறியாதார் இல்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த தெருவைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் கவிழ்ந்து, மத்ரஸா மாணவர்கள் நீரோடு போயினர். வயலை ஊடறுக்கும் வழி என்பது உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

2022இல் எரிபொருள் வரிசைகள் மைல்கணக்கில் நீண்டபோது, மூலையில் துருவேறிக் கிடந்த சைக்கிள்கள் துடைக்கப்பட்டுத் தெருவுக்கு வந்தன. எண்ணெய் வந்ததும் மீண்டும் மூலைக்குச் சென்றன. காரணம் சோம்பல் அன்று, அச்சம். பெருந்தெருவில் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்பத் தாய் அஞ்சுகிறாள். 1971இல் ஒல்லாந்து நாட்டில் 400க்கு மேற்பட்ட குழந்தைகள் வாகனங்களில் அடிபட்டு மாண்டனர். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். இன்று உலகம் புகழும் அந்நாட்டுச் சைக்கிள் பாதைகளுக்குப் பின்னே அப்போராட்டமும் நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தபோது, ஏழைப் பெண்கள் ஆயிரமாயிரமாக ஏறி ஓட்டினர். அவர்களுள் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திருந்த காலம் அவர்களுக்கு முடிந்தது.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. வாய்க்கால் கரைகளும் பழைய வண்டித் தடங்களும் பொதுவழிகளாகப் பதியப்படவேண்டும். பாரவண்டிகள் அவற்றில் புகலாகாது. உடைந்த மதகுகள் கட்டப்படவேண்டும். வரம்போரத்தில் மருதும் புங்கும் நிழல் தரவேண்டும். மேற்கே காடு தொடங்குமிடத்தில் யானையின் வழியை யானைக்கே விட்டு, நம் வழி நின்றுவிடவேண்டும். இவ்வழியில் வெளிநாட்டுப் பயணி வந்தால் வரவேற்போம். ஆனால் அவருக்காக உழவனை விலக்கி வேலியிடுவதை ஒப்பமாட்டோம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஒரு பாடசாலை தன் ஊரின் வட்டை வழிகளை வரைபடமாக்கட்டும். அவற்றில் சென்று வந்த முதியோரிடம் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். கல்முனைக்குடி மாணவனும் பாண்டிருப்பு மாணவனும் அதைச் சேர்ந்து செய்யட்டும். பதியப்படாத வழியை 1840இல் போலவே யாரும் தமதென்று எழுதிக்கொள்ள முடியும். பெயரும் வரைபடமும் உரிமை கேட்கும் மக்களும் உள்ள வழியை எளிதில் அபகரிக்க முடியாது.