பெயரை மாற்றினால் போதுமா?

சிங்கப்பூரில் ஜாலான் உட்பிரிட்ஜ் என்று ஒரு சாலை இருந்தது. இன்று அதன் பெயர் ஜெரால்ட் டிரைவ். அருகில் இருந்த மனநல மருத்துவமனையின் பெயரைத் தங்கள் முகவரியில் தாங்க அங்குக் குடியிருந்தவர்கள் விரும்பவில்லை. ஒரு சாலையின் பெயருக்கே இவ்வளவு தயக்கம் என்றால், "என் பிள்ளைக்கு மனநல மருத்துவரின் உதவி தேவை" என்று சொல்ல ஒரு தாய்க்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்?

இந்தத் தயக்கத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. 1840ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த மனநோயாளி ஒருவர் மற்றொருவரைக் கொன்றுவிட்டார். அதன் பிறகுதான் மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது தகாது என்று உணரப்பட்டு, 1841ல் பிராஸ் பாசா சாலைக்கு அருகே தனி மருத்துவமனை கட்டப்பட்டது. மனநோய் என்றாலே ஒதுக்கி வைக்க வேண்டியது என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

1928ல் இயோ சூ காங் சாலையில் ஏறத்தாழ ஆயிரம் படுக்கைகளுடன் பெரிய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. 1951ல் அதற்கு உட்பிரிட்ஜ் மருத்துவமனை என்று பெயர் சூட்டினார்கள். அருகில் இருந்த மரப்பாலம்தான் அந்தப் பெயருக்குக் காரணம். பெயர் மாறினால் மக்களின் கூச்சம் குறையும் என்று நம்பப்பட்டது. நடந்தது வேறு. மருத்துவமனைக்கு இருந்த ஏளனம் அந்தப் பாலத்தின் பெயருக்கும் ஒட்டிக்கொண்டது. "உன்னை உட்பிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்பது பள்ளிப் பிள்ளைகளின் கேலிப் பேச்சாயிற்று. 1993ல் மருத்துவமனை புவாங்கோக்கிற்கு இடம் மாறி, மனநலக் கழகம் ஆனது.

சிறுவர்களைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் 1970ல் ஏற்பட்டது. அவர்களுக்கென்று தனியாகச் சிறார் வழிகாட்டு மருந்தகம் தொடங்கப்பட்டது அந்த ஆண்டில்தான். பிள்ளைகளுக்கும் மனச்சோர்வு வரும், அச்சம் வரும், அவர்களுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்பதை அந்த மருந்தகம் ஊரறிய ஒப்புக்கொண்டது. 1984ல் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 'டிங்கிள் ஃபிரெண்ட்' தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. மனம் விட்டுப் பேச ஆளில்லாத பிள்ளை தானே அழைத்துப் பேச அது வழி செய்தது.

2007ல் இரண்டு முக்கிய நிகழ்வுகள். ஆறு முதல் 12 வயது வரையிலான சிங்கப்பூர்ப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று அந்த ஆண்டு வெளிவந்தது. அவர்களில் 12.5 விழுக்காட்டினருக்கு, அதாவது எட்டில் ஒருவருக்கு, மனம் அல்லது நடத்தை சார்ந்த பிரச்சினை இருந்தது. கவலை, அச்சம் என்று உள்ளுக்குள் புழுங்குவது 12.2 விழுக்காடு, அடங்காமை, முரட்டுத்தனம் என்று வெளியே தெரிவது 4.9 விழுக்காடு. மேல்நாட்டு ஆய்வுகளில் வெளியே தெரியும் பிரச்சினைகளே அதிகம். இங்கு நிலைமை நேர்மாறு.

இந்தக் கணக்கை நம் வீடுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். குறும்பு செய்யும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் புகார் சொல்வார், பெற்றோர் ஓடுவார்கள். வாய் திறவாத பிள்ளையை எல்லாரும் "தங்கமான பிள்ளை" என்று பாராட்டுவார்கள். அந்த மௌனத்துக்குப் பின்னால் இருப்பது அடக்கமா, அச்சமா என்று யார் கேட்கிறார்கள்?

அதே 2007ல் தொடங்கிய 'ரீச்' திட்டம் இன்னொரு பெரிய மாற்றம். பிள்ளை மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், மனநல வல்லுநர்கள் பள்ளி ஆலோசகர்களோடு கைகோத்துப் பள்ளிக்கே சென்றார்கள். வடவட்டாரப் பள்ளிகளில் தொடங்கி மற்ற வட்டாரங்களுக்கும் அது விரிந்தது. 2021ல் கல்வி அமைச்சு மேம்படுத்திய குணநல, குடியியல் கல்வியில் மனநலமும் ஒரு பாடமாகச் சேர்ந்தது.

1841லிருந்து எண்ணினால், சிறையை ஒட்டித் தொடங்கிய ஒரு பயணம் வகுப்பறை வரை வந்துவிட்டது. எஞ்சியிருப்பது வீட்டு வாசல்படி. "வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?", "கண் பட்டிருக்கும், கோயிலில் மந்திரித்தால் சரியாகிவிடும்" என்ற பேச்சுகள் நம் சமூகத்தில் இன்னும் ஓயவில்லை. கோயிலுக்குப் போவதில் தவறில்லை. மருத்துவரிடம் போகாமல் இருப்பதுதான் தவறு.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அண்டை வீட்டாரிடம் கூச்சமின்றிச் சொல்கிறோம். தூக்கம் வராமல் தவிக்கிறான், பள்ளிக்குப் போக அஞ்சுகிறாள் என்பதையும் அதே குரலில் சொல்லும் நாள் வர வேண்டும். சாலையின் பெயரை அரசாங்கம் மாற்றலாம். அந்தக் குரலை மாற்றப் பெற்றோரால் மட்டுமே முடியும்.