‘ஷல்’ துணைவினையின் பொருள் வரலாறு

ஆங்கிலத் துணைவினையாகிய ‘ஷல்’ பழைய ஆங்கிலத்தில் முழுவினையாகவும் வழங்கியது. ‘ஷுலன்’ என்னும் அவ்வினைக்குக் ‘கடன்பட்டிருத்தல்’ என்பது பொருள். அது செயப்படுபொருளையும் ஏற்றது. இறந்தகால வடிவம் நிகழ்காலப் பொருளில் வழங்கிய வினைவகையைச் சார்ந்ததாதலின், படர்க்கை ஒருமையில் அது இன்றும் ‘எஸ்’ விகுதி பெறுவதில்லை. கடன் என்னும் பொருள் கடமையாகவும், பின்னர் எதிர்காலமாகவும் விரிந்தது.

ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீனில் வெளியிட்ட ஆங்கில இலக்கணம் இவ்விரு பொருள்களையும் இடவேறுபாட்டால் பிரித்தது. தன்மையில் ‘ஷல்’ வருவதுரைக்கும். முன்னிலை, படர்க்கைகளில் வாக்குறுதியோ அச்சுறுத்தலோ ஆகும் என்பது அவர் விதி.

சட்டமொழி கடமைப் பொருளையே போற்றியது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 320ஆம் உறுப்பு, தேர்வாணையத்தைக் கலந்தாலோசிப்பது பற்றி ‘ஷல்’ என்றே கூறுகிறது. ஆயினும், அவ்வாறு கலந்தாலோசிக்கத் தவறியதனால் மட்டும் அரசு ஊழியர்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை செல்லாததாகாது என 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘கலந்தாலோசிக்கப்படும்’ என்று பெயர்த்தால் கடமை மறைந்து எதிர்காலமே எஞ்சக்கூடும். ‘கலந்தாலோசிக்கப்படுதல் வேண்டும்’ என்பதே மூலத்திற்கு இயைந்தது. கடமை தவறியதன் விளைவை அறுதியிடுவது நீதிமன்றத்தின் பணி. கடமையைச் சொல்லில் காப்பது மொழிபெயர்ப்பாளரின் பணி.